கல்லில் ஏறாத வயது

அராபா இறந்தபோது அவளுக்கு வயது இருபத்தெட்டு. சுவரொட்டியில் எண்பத்திரண்டு என்று இருந்தது.

கடற்கரை ஊரான செகொண்டியில் இரங்கல் சுவரொட்டிக்கு ஒரு முறை உண்டு. பழுத்து விழுந்தவர்களுக்கு 'நிறைவாழ்வின் கொண்டாட்டம்' என்று தலைப்புப் போடுவார்கள். பாதியில் போனவர்களுக்கு 'என்ன அதிர்ச்சி!' அராபாவுக்குச் சிவப்பு எழுத்தில் 'என்ன அதிர்ச்சி!' போட்டிருந்தார்கள். கீழே பட்டமளிப்பு அங்கியில் அவள் சிரிக்கும் படம். படத்தின் கீழே 'வயது 82'. எண்பத்திரண்டு வயதில் ஒருத்தி போனதில் என்ன அதிர்ச்சி என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

அச்சுக்கூடத்தில் மாதிரித் தாளை நீட்டி, "ஒரு தடவை பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க மாஸ்டர்" என்றார்கள். அவள் கணவன் எபோ குவான்சா பார்த்தான். படத்தை மட்டும் பார்த்தான். கையெழுத்துப் போட்டான். அவன் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தவன். மாணவன் தாளில் தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்திருந்தாலும் வகுப்பின் மறுகோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவான் என்று பேர்.

நான்கு நாள் காய்ச்சல். அவ்வளவுதான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை சுவரொட்டி ஒட்டினார்கள். மறுநாள் செவ்வாய். அராபா என்றால் செவ்வாய்க்கிழமை பிறந்த பெண் என்று கடற்கரைப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். லாட்டரியிலும் ஒவ்வொரு கிழமைக்கும் ஓர் ஆட்டம் உண்டு. ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை எண்கள். மாலையில் ஐந்து பந்துகள் உருளும். ஊரில் ஒருவர் இறந்தால் முதலில் அவர் வயதைச் சீட்டில் போட்டுவிட்டுத்தான் துக்கம் கேட்கப் போவார்கள். எண்ணைத் திருப்பிப் போடுவதும் வழக்கம். பதினான்கு விழாவிட்டால் நாற்பத்தொன்று விழும் என்பது பழைய ஆட்டக்காரர்களின் நம்பிக்கை. அதற்குத் 'திருப்பு' என்று பேர்.

அராபாவைத் தெரியாதவர் தெருவில் இல்லை. அவளுக்கு இருபத்தெட்டு என்று எல்லோருக்கும் தெரியும். சுவரொட்டி எண்பத்திரண்டு என்றது. அச்சுக்கூடத்தில் தவறு நடக்கும் என்று எவருக்கும் தோன்றவில்லை. இறந்தவள் தானே திருப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள் என்று இரண்டையும் சேர்த்துப் போட்டார்கள். மாலையில் இரண்டும் உருண்டன. போட்டதற்கு இருநூற்று நாற்பது மடங்கு.

சனிக்கிழமை அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைப் போல் செகொண்டி அதுவரை கண்டதில்லை. மீனவர் தெருவே கறுப்பும் சிவப்புமாகத் திரண்டு வந்தது. முன்பின் தெரியாத பெண்கள் மண்ணில் விழுந்து புரண்டார்கள். இவளை இத்தனை பேர் நேசித்தார்களா என்று எபோ நினைத்தான். அந்த வாரத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது. ஞாயிற்றுக்கிழமை நன்றி ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது லாட்டரிக் கடைக்காரர் பிளாங்சன் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காதோடு காதாகச் சொன்னார்.

"மாஸ்டர், நாப்பது வருஷமா கடை வச்சிருக்கேன். இந்த மாதிரி ஒரு சாவை நான் பாத்ததே இல்ல."

ஆறுதலும் போயிற்று.

பதினொரு மாதம் கழிந்தது. எபோ பள்ளிக்குப் போனான், வந்தான். சோளமாவுக் கென்கி வாங்கினான், பாதி தின்றான். தெருவில் யாராவது எதிர்ப்பட்டால் கேட்பார்கள்.

"மாஸ்டர், நேத்து கனவுல வந்தாங்களா?"

"இல்ல."

"ஏதாவது சொன்னாங்களா?"

"வரவே இல்லைங்கிறேன்."

அது உண்மை. பதினொரு மாதத்தில் அவனுக்கு ஒரு கனவும் வரவில்லை. அவர்கள் நம்பவில்லை. படிச்சவன் இல்லையா, நம்பரைத் தனியாச் சாப்பிடுறான் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆண்டு நினைவுக்கு நான்கு வாரம் இருந்தபோது கல் வெட்டும் அக்கான் போன் செய்தான். எழுத்துக்குக் கறுப்பு பூசவா, பொன்னிறம் பூசவா என்று கேட்டான். கல்லை ஏற்பாடு செய்தவள் அராபாவின் அம்மா, மாமே எக்குவா. கென்கி விற்பவள். அந்தச் செவ்வாயில் அவளும் போட்டிருந்தாள். அந்தப் பணத்தில்தான் கல். எபோ பட்டறைக்குப் போனான். பளிங்குமீது சாக்பீஸால் கோடு இழுத்திருந்தது. அராபா குவான்சா. வயது 82.

"இது தப்பு அக்கான்."

"சாக்பீஸ்தானே மாஸ்டர். வெட்டும்போது நேரா வந்துரும்."

"எழுத்தைச் சொல்லல. வயசு தப்பு."

"சுவரொட்டியில என்ன இருந்துச்சோ அதத்தான் போட்டிருக்கேன்."

"சுவரொட்டியே தப்பு."

அக்கான் அவனைப் பாவமாகப் பார்த்தான். "தப்பா இருந்தா எப்படி மாஸ்டர் விழும்?" என்று கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்த கல்லறுக்கும் யந்திரத்தைத் தட்டிக் காட்டினான். "இது எப்படி வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? சும்மாவா?"

"பொறந்த தேதி, இறந்த தேதியெல்லாம் எங்க?"

"மாமே வேண்டாம்னுட்டாங்க. வயசு மட்டும் போதுமாம்."

"வெட்டாத."

"காசு அவங்களோடது மாஸ்டர். அவங்க வாயால சொல்லட்டும், நிறுத்துறேன்."

எபோ திரும்பி நடந்தான். பதினொரு மாதத்தில் முதல் தடவையாக அவனுக்கு ஒன்று வேண்டும் என்று இருந்தது. கல்லில் இருபத்தெட்டு இருக்க வேண்டும். பார்க்காமல் கையெழுத்துப் போட்டதைத் திருத்த அந்த ஒரு கல்தான் மிச்சம்.

பிளாங்சனின் கடை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே இருந்தது. நீலப் பெயின்ட் அடித்த பலகைப் பெட்டி. மேலே 'கடவுளின் நேரம்' என்று எழுதியிருக்கும். முன்னால் ஒரு கரும்பலகை, ஒரு நீள பெஞ்சு. பிளாங்சன் அவனைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

"மாஸ்டர்! நானே உங்களத் தேடி வரலாம்னு இருந்தேன். லாட்டரி ஆபீஸ்ல இருந்து கடுதாசி வந்திருக்கு. ஒவ்வொரு கடைக்காரனும் வருஷத்துக்கு ஒரு தடவை 'பொறுப்பாக ஆடுவோம்'னு ஒரு கூட்டம் போடணுமாம். எந்த ஆட்டத்துல என்ன கிடைக்கும், எதுல எவ்வளவு போகும், அளவா எப்படி ஆடுறது, எல்லாத்தையும் ஒப்பிட்டு ஒருத்தர் பேசணும். போட்டோ எடுத்து அனுப்பணும். இல்லைன்னா சீட்டு மெஷினைப் புதுப்பிக்க மாட்டாங்க."

"நீங்களே பேசுங்களேன்."

"அளவா ஆடுங்கடான்னு நான் சொன்னா சிரிக்க மாட்டானுங்களா? நீங்க கணக்குப் படிச்சவரு."

"நான் பேசினா உங்க கடை காலியாயிடும் பிளாங்சன்."

"பேசுங்க மாஸ்டர்," என்றார் பிளாங்சன் கொஞ்சமும் கலங்காமல். "நம்ம ஜனத்த உங்களுக்குத் தெரியாது."

எபோ யோசித்தான். மாமே எக்குவா பாதிரியிடம் சொல்லாததைக்கூட இந்தக் கடையில் சொல்வாள்.

"பேசுறேன். ஒண்ணு நீங்க செய்யணும். கல்லுல இருபத்தெட்டுன்னு போடச் சொல்லி மாமேகிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா ஏறாது. நீங்க சொன்னா ஏறும்."

பிளாங்சன் உதட்டைப் பிதுக்கினார். "எண்பத்திரண்டைத் தொட்டா ஊரே என்னைத் தொலைச்சிடும். சரி. சொல்லிப் பாக்குறேன்."

சனிக்கிழமை காலை கடைக்கு முன்னால் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி பரப்பியிருந்தார்கள். பத்து மணிக் கூட்டத்துக்கு ஒன்பதே முக்காலுக்கு அறுபது பேர். எல்லோர் கையிலும் நோட்டுப் புத்தகமும் பேனாவும். செகொண்டியில் ஒரு கூட்டம் குறித்த நேரத்துக்கு முன்னால் நிறைந்து எபோ பார்த்ததில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. முன்வரிசையில் எஷன் உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷத்து எண்களை நீளத் தாளில் வரிசையாக எழுதி, அடிக்கோல் வைத்து இங்கிருந்து அங்கே கோடு இழுத்துப் பார்ப்பதுதான் இப்போது அவருக்கு வேலை. அடிக்கோலையும் கொண்டுவந்திருந்தார்.

எபோ கரும்பலகையில் கோடு போட்டுக் கட்டம் கட்டினான்.

"முதல்ல நம்ம பழைய ஆட்டம். தொண்ணூறுல அஞ்சு. இதுல நீங்க ரெண்டு நம்பர் சேத்துப் போடுறீங்க. அது விழறதுக்கு நானூறுல ஒரு வாய்ப்பு. விழுந்தா எவ்வளவு தராங்க?"

"இருநூத்தி நாப்பது மடங்கு!" என்றது பந்தல் ஒரே குரலில்.

"அப்போ மொத்தமாப் பாத்தா, நீங்க எல்லாரும் சேர்ந்து போடுற நூறு சீடி பணத்துல அறுபது திரும்ப வருது. நாப்பது போயிடுது. மூணு நம்பர் போட்டா இன்னும் மோசம். பன்னெண்டாயிரத்துல ஒண்ணு. நூறுக்குப் பதினெட்டுதான் திரும்பும்."

அறுபது பேனாக்கள் ஓடின.

"அடுத்தது பெரிய பரிசு ஆட்டம். நாப்பத்தொன்பதுல ஆறு. இதுல வாய்ப்பு ஒரு கோடியே நாப்பது லட்சத்துல ஒண்ணு. அது எவ்வளவுன்னு உங்களுக்குப் புரியணும். இங்கிருந்து ரோட்டுல பீர் பாட்டில் மூடிய ஒண்ணோட ஒண்ணு ஒட்டினாப்புல அடுக்கிட்டே போங்க. அக்ரா வரைக்கும் போயி, திரும்பிக் கேப் கோஸ்ட் வரைக்கும் வாங்க. அத்தனை மூடியில ஏதோ ஒரே ஒரு மூடிக்கு அடியிலதான் பரிசு இருக்கு."

பந்தலில் பெருமூச்சு எழுந்தது. எஷன் கையைத் தூக்கினார்.

"எத்தனாவது மூடி மாஸ்டர்?"

"அது தெரியாதுன்னுதானே சொல்றேன் ஐயா."

"போற வழியிலயா, திரும்புற வழியிலயா? அதையாச்சும் சொல்லுங்க."

எபோ அடுத்த கட்டத்துக்குப் போனான். போனில் ஆடும் ஆட்டம். அரை மணிக்கு ஒரு குலுக்கல்.

"மூணுலயும் ஆபத்தானது இதுதான். வாய்ப்பு கொஞ்சம் நல்லாத்தான் இருக்கும். ஆனா பழைய ஆட்டத்துல தோத்தா அடுத்த குலுக்கலுக்கு நாளைக்கு வரைக்கும் காத்திருக்கணும். கோபம் ஆறிடும். இதுல கோபம் ஆறுறதுக்குள்ள அடுத்தது வந்துடும். விட்டதப் புடிக்கப் போனீங்கன்னா வீடு போயிடும். வாரத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு அளவு வச்சுக்கோங்க. ரெண்டு சீடின்னு வச்சுக்கோங்க. சினிமா டிக்கெட் மாதிரி நினைச்சுக்கோங்க, போனது போனதுதான். கடன் வாங்கி ஆடாதீங்க. புள்ளைங்க பள்ளிக் காச எடுக்காதீங்க. குடிச்சிருக்கும்போதும் அழுதுட்டிருக்கும்போதும் ஆடாதீங்க. முக்கியமா ஒண்ணு. பந்துக்கு ஞாபகம் கிடையாது. போன வாரம் என்ன விழுந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. யார் செத்தாங்கன்னும் தெரியாது. ஒரு உதாரணம் பாப்போம். யாராவது ரெண்டு நம்பர் சொல்லுங்க."

"இருபத்தெட்டு, எண்பத்திரண்டு!" பின்வரிசையிலிருந்து ஒரு மீன்காரி கத்தினாள்.

எபோவின் சாக்பீஸ் கரும்பலகைக்கு ஓரங்குலம் முன்னால் நின்றது. பிறகு பதினொன்று, அறுபத்துநான்கு என்று எழுதினான்.

அறுபது பேரும் அந்த ஓரங்குலத்தைப் பார்த்துவிட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் பெரிய கைத்தட்டல். சுவரில் சாய்த்த விளம்பரத் தட்டியோடு எபோவை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அவன் கையைக் கழுவப் போனபோது கடைக்குப் பின்னால் எஷன் பேசுவது கேட்டது.

"ஒரு மணி நேரம் பேசினாரு. எத்தனை நம்பர் சொன்னாரு! அந்த ரெண்டு மட்டும் வாயில வரல. கேட்டும் எழுதல. வாத்தியான் எதை மறைக்கிறானோ அதுதான்டா பரீட்சைக்கு வரும்."

அன்றைக்கு ஆனதைப்போல் சனிக்கிழமை விற்பனை அந்த வருஷத்தில் ஆகவில்லை என்று பிளாங்சன் பிறகு சொன்னார்.

பிளாங்சன் வாக்கைக் காப்பாற்றினார். ஞாயிறு மாலை மாமே எக்குவா ஆளனுப்பினாள். எபோ போனபோது அவள் முற்றத்தில் உட்கார்ந்து வெந்த மாவைச் சோளத்தோலில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பிளாங்சன் வந்தான். கல்லுல நம்பரை மாத்தணும்னு சொல்றியாமே."

"மாத்தணும்னு இல்ல மாமே. சரியான வயசப் போடணும்னு சொல்றேன்."

"நீதானே கையெழுத்துப் போட்ட?"

அவள் இரண்டு உருண்டைகளைச் சுற்றி முடித்தாள்.

"நீ ஒண்ணு சொல்ற, நான் ஒண்ணு சொல்றேன். சண்டை போட்டா அவளுக்குத்தான் அசிங்கம். நான் ஒரு வழி சொல்லவா? கல் திறக்க மூணு செவ்வாய் இருக்கு. செவ்வாய் அவ நாளு. இருபத்தெட்டு முதல்ல வந்தா இருபத்தெட்டு. எண்பத்திரண்டு முதல்ல வந்தா எண்பத்திரண்டு."

"குலுக்கலா? அவ வயசுக்கா?"

"ஏன், வேற யாருகிட்டப் போய்க் கேக்கச் சொல்ற?"

"ரெண்டும் ஒரே நாள்ல வந்தா?"

"முதல்ல உருள்றது."

"ரெண்டுமே வரலன்னா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஒன்று நடக்கும் என்று அவள் எண்ணியே இருக்கவில்லை.

அவன் எண்ணியிருந்தான். கணக்கு அதற்குள் தலைக்குள் முடிந்துவிட்டது. மூன்று செவ்வாயிலும் இரண்டும் வராமல் போகப் பத்துக்கு ஏழு. மிச்சம் மூன்றில் பாதி அவனுக்கு, பாதி அவளுக்கு. நூறுக்குப் பதினைந்து. வகுப்பில் ஒரு மாணவன் இந்தப் பேரத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தால் வெளியே நிற்கவைத்திருப்பான். ஆனால் இப்போது அவன் கையில் இருந்தது நூறுக்குப் பூஜ்யம். "சரி மாமே" என்றான். மாமே உடனே அக்கானுக்குப் போன் செய்து, வயதுக்கு இடம் விட்டு மற்றதை வெட்டச் சொல்லிவிட்டாள்.

முதல் செவ்வாய் மாலை எபோ கடைக்குப் போனான். வானொலி பெட்டிக்குள் பாடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் உட்காரப் போனவனைப் பிளாங்சன் தடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். சீட்டு வாங்கினவங்களுக்குத்தான் பெஞ்சு. உங்களுக்கு மட்டும் விட்டா நாளைக்கு எல்லாரும் சும்மா வந்து உக்காருவான்."

நின்றுகொண்டே கேட்டிருக்கலாம். சட்டைப்பையில் கையை விட்டான்.

"இருபத்தெட்டு. ரெண்டு சீடி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மெஷின் சீட்டைத் துப்பியது. வாழ்நாளில் அவன் வாங்கிய முதல் சீட்டு. ஏழு, நாற்பத்தைந்து, பதினொன்று, அறுபத்துமூன்று, எண்பத்தெட்டு. எஷன் அடிக்கோலால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பதினொண்ணு! தன் கையால எழுதிக் குடுத்தாரே! கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டே விட்டுட்டோமே!"

இரண்டாவது செவ்வாய் இருபத்தேழும் எண்பத்துமூன்றும் வந்தன. இருபத்தே... என்று அறிவிப்பாளர் இழுத்தபோது எபோ எழுந்து நின்றுவிட்டான். பெஞ்சில் கூச்சல். "அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிட்டா! அடுத்த வாரம் நம்ம வீடுதான்!" பக்கத்து எண் என்று கணக்கில் ஒன்று கிடையாது, இருபத்தேழு இருபத்தெட்டிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவே தூரம் நான்கிலிருந்தும். இதை அவன் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பதினொரு மாதத்தில் முதல் தடவையாகக் கென்கியை முழுசாகத் தின்றான்.

மூன்றாவது செவ்வாய் மாமே எக்குவாவும் வந்தாள். சீட்டு வாங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். குலுக்கலுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ரயில் வராத ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எல்லாரும் நினைக்கிறாங்க, எனக்கு அந்த நம்பர் பரிசு குடுத்துச்சு, அதான் விடமாட்டேங்கிறேன்னு. நீயும் அப்படித்தானே நினைக்கிற?"

"ஆமா மாமே."

"நாம எல்லாம் போனப்புறம், யாரோ எவனோ அந்தப் பக்கம் வருவான். கல்ல படிப்பான். இருபத்தெட்டுன்னு இருந்தா 'அய்யோ'ன்னுவான். என் புள்ளைய எவனோ ஒருத்தன் தினமும் அய்யோங்கணுமா? எண்பத்திரண்டுன்னு இருந்தா, 'பரவாயில்ல, நல்லா இருந்துட்டுத்தான் போயிருக்கா'ன்னு சொல்லிட்டுப் போவான். பேரன் பேத்தி எல்லாம் எடுத்திருப்பான்னு நினைச்சுக்குவான்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அச்சடிச்சவன் தெரியாமக் குடுத்தான். அவ்வளவு வருஷத்த. எனக்குத் திருப்பிக் குடுக்க மனசு வரல."

எபோ தன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். வானொலியில் பந்துகள் உருளத் தொடங்கின.

மூன்று. எழுபது. ஐம்பத்தொன்று. பத்தொன்பது. முப்பத்தாறு.

பத்துக்கு ஏழு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. மாமே எக்குவா தன் சீட்டை நான்காக மடித்து இடுப்புத் துணியில் செருகிக்கொண்டாள். "இன்னும் வரல அவளுக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சனிக்கிழமை கல் திறந்தார்கள். எல்லோரும் வெள்ளையும் கறுப்புமாக வந்திருந்தார்கள். அக்கான் நன்றாகவே செய்திருந்தான். அராபா குவான்சா. வயது. அதற்குப் பிறகு உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று வெற்றுப் பளிங்கு. பாதிரி ஜெபம் முடித்துத் துணியை இழுத்ததும், வழக்கமாக எழும் அழுகை எழவில்லை. எல்லோரும் கழுத்தை நீட்டி அந்த வெறுமையைப் பார்த்தார்கள். போன்கள் உயர்ந்தன.

"ஒண்ணும் இல்லையே!"

"ஒண்ணும் இல்லைன்னா பூஜ்யம். நம்ம ஆட்டத்துல பூஜ்யம் ஏது?"

"தொண்ணூறுல இருக்குல்ல? தொண்ணூறுடா!"

"பத்துலயும்தான் இருக்கு. முட்டாள் மாதிரிப் பேசாத, கல்லு முன்னாடி."

எபோ ஒரு மலர்வளையத்தை வைத்தான். கல்லில் தன் முகம் மங்கலாகத் தெரிந்தது, வயது இருக்க வேண்டிய இடத்தில். துடைத்துவிட்டு எழுந்தான்.

அடுத்த செவ்வாய் அவன் கடைக்குப் போக வேண்டிய காரணம் எதுவும் இல்லை. மூன்று செவ்வாய் என்றுதான் பேச்சு. ஆனால் கல்லில் இடம் காலியாக இருந்தது. அக்கானும் எப்போது வேண்டுமானாலும் வந்து வெட்டித் தருவதாகச் சொல்லியிருந்தான். மாலை ஐந்தரைக்கு எபோ வரிசையில் நின்றான். பலகைப் பெட்டியின் கதவில், கூட்டத்துப் போட்டோ போட்ட புதிய 'பொறுப்பாக ஆடுவோம்' தட்டி தொங்கியது. அதில் கையில் சாக்பீஸோடு அவனே நின்றுகொண்டிருந்தான்.

பிளாங்சன் அவன் தலையைக் கண்டதும் மெஷினில் தட்டிவிட்டார்.

"இருபத்தெட்டு. ரெண்டு சீடி. சரிதானே மாஸ்டர்?"

"இல்ல."

"அளவக் கூட்டப்போறீங்களா?"

"ரெண்டு சீடிதான். எண்பத்திரண்டு போடுங்க."

பிளாங்சனின் விரல் மெஷின்மேல் நின்றது. "திருப்பிட்டீங்களா மாஸ்டர்?"

"மாமேக்காக" என்றான் எபோ. குரல் தணிந்துதான் சொன்னான். ஆனால் அவனுக்குப் பின்னால் பதினொரு பேர் நின்றிருந்தார்கள். முதலில் எஷனின் அடிக்கோல் தாளில் நின்றது. பிறகு அவர் பின்னால் திரும்பி ஏதோ சொன்னார். அது வரிசையின் கடைசிவரை போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை.

எபோ சீட்டை வாங்கிக்கொண்டு பெஞ்சில் தன் இடத்தில் உட்கார்ந்தான். பதினொரு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஏற்கெனவே எழுதிவைத்திருந்ததை அடித்துவிட்டு எண்பத்திரண்டு கேட்டார்கள். ஒருவரும் இரண்டு சீடியோடு நிற்கவில்லை.